பெயிண்ட் படக்கூடாத இடங்கள்

எங்கள் வீட்டில் கடுகு வெடித்தால் புகை அலாரம் அடிக்கும். லண்டனில் இருக்கும் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அலாரத்துக்குக் கீழே நின்று துண்டை வீசத் தெரியாதவர் எங்கள் பக்கம் யாரும் இல்லை. எங்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை: ஜன்னலைத் திற என்றால் திறக்க முடியாது. வீட்டில் மொத்தம் ஏழு ஜன்னல். ஏழுமே மேலும் கீழும் சறுக்கும் பழைய சாஷ் ஜன்னல்கள். நாங்கள் குடிவந்தபோது அதில் ஒன்றுதான் திறந்தது, அதுவும் பாதி.

வீடு கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பக்கம். 1880களில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. வாங்கிய வருடமே ஒரு கம்பெனிக்காரர் வந்து ஜன்னல்களைப் பார்த்தார், விரலால் ஒரு கட்டையைத் தட்டினார், "இதெல்லாம் முடிந்த கதை, மொத்தத்தையும் எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டுவிடலாம்" என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார். தொகையைக் கேட்டதும் ஜன்னல்கள் மேல் எனக்குத் திடீரென்று பாசம் வந்துவிட்டது. அப்புறம் விசாரித்தால் எங்கள் தெரு கன்சர்வேஷன் ஏரியாவுக்குள், அதாவது பழைய தோற்றம் மாறாமல் காக்க வேண்டிய பகுதிக்குள் வருகிறது, முன்பக்க ஜன்னலை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, கவுன்சில் அனுமதி வேண்டும் என்றார்கள். சரி, மாற்ற முடியாதென்றால் பெயிண்டாவது அடிப்போம் என்றுதான் ஆரம்பித்தேன். ஒரு டின் வெள்ளை பெயிண்ட், இரண்டு பிரஷ், ஒரு சனிக்கிழமை. இதுதான் என் திட்டம்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், வயது எழுபதுக்கு மேல், வாழ்நாள் முழுக்க தச்சு வேலை செய்தவர். நாயோடு நடந்து போனவர் என் கையில் இருந்த டின்னைப் பார்த்துவிட்டு நின்றார். ஜன்னலைப் பார்த்தார். "இதன் நோயே பெயிண்ட்தான், நீ மருந்தென்று இன்னொரு டோஸ் கொடுக்கப் போகிறாய்" என்றார். மனிதர் ஜன்னல் விஷயத்தில் கொஞ்சம் கறார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது மூன்று கோடை போனபிறகு அதே வசனத்தை நான் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இந்த ஜன்னல் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இதற்குமேல் சொன்னால் புரியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சட்டம்தான், மேலே ஒன்று, கீழே ஒன்று, ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும். நம் ஊர் பழைய ரயில் பெட்டியின் ஷட்டரை நினைத்துக்கொள்ளுங்கள், தூக்கும்போது கொக்கி பிடிக்காமல் விரலில் விழுமே, அது. ஆனால் சாஷ் ஜன்னல் விரலில் விழாது, எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். காரணம், நிலை என்று நாம் நினைக்கும் பக்கவாட்டு மரம் உண்மையில் ஒரு பெட்டி. உள்ளே வெற்றிடம். ஒவ்வொரு சட்டத்தின் இரண்டு பக்கமும் ஒரு கயிறு, அது மேலே ஒரு கப்பியின்மேல் ஏறி பெட்டிக்குள் இறங்குகிறது, அதன் நுனியில் வார்ப்பிரும்புக் குண்டு ஒன்று இருட்டில் தொங்குகிறது. சட்டம் ஏறினால் குண்டு இறங்கும்.

முதல் குண்டை வெளியே எடுத்த அன்று வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். அப்பா கும்பகோணத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா அது, சுவத்துக்குள்ள உலக்கையா?"

"ஜன்னலுக்கு எதிரெடைப்பா. நம்ம கிணத்துக் கப்பி மாதிரிதான். இந்தப் பக்கம் வாளி, அந்தப் பக்கம் இது."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நூத்திச் சொச்சம் வருஷமா உள்ளயே தொங்கிட்டு இருக்கா? கயிறு?"

"கயிறு அறுந்துபோச்சு. அதான் ஜன்னல் நிக்கல."

"கயிறு அறுந்தா மாத்தணும். கப்பிக்கா பெயிண்ட் அடிப்பாங்க?" என்றார். தச்சர் ஒரு மணி நேரம் எனக்குச் சொன்னதை அப்பா அங்கிருந்தே ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

ஏனென்றால் அடித்திருந்தார்கள். கப்பியின் முகப்பில் அழகான பித்தளை இருக்கிறது என்பதே சுரண்டியபிறகுதான் தெரிந்தது, ஏழெட்டு பூச்சு பெயிண்டுக்குள் கப்பி சுற்றாமல் உறைந்து கிடந்தது. கயிற்றுக்கும் அடித்திருந்தார்கள். பருத்திக் கயிறு பெயிண்டைக் குடித்தால் குச்சியாக விறைத்துவிடும், கப்பியில் வளையும் இடத்தில் இழை இழையாக முறியும். சட்டம் சறுக்கும் பள்ளத்திலும் அடித்திருந்தார்கள். ஒரு நல்ல சாஷ் ஜன்னலில் சட்டத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், ஒவ்வொரு தலைமுறையும் ஆளுக்கொரு கோட் பூசினால் அது எங்கே போவது? கடைசியில் சட்டமும், அதை இடத்தில் பிடித்துவைக்கும் பீடிங் என்ற மெல்லிய மரப்பட்டையும் சேர்கிற கோட்டில் பெயிண்ட் ஒரே தோலாக மூடி ஜன்னலைச் சீல் வைத்துவிடுகிறது. திறக்காத ஜன்னலைப் பார்த்தால் பலரும் மரம் உப்பிவிட்டது என்பார்கள். எங்கள் ஏழில் ஒன்றில்தான் மரம் உப்பியிருந்தது, மற்ற எல்லாம் பெயிண்ட்.

ஒரு பக்கம், இந்த மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர் தட்டிப் பார்த்து உதறிய அந்தக் கட்டை, பால்டிக் கடல் பக்கத்துக் காடுகளிலிருந்து கப்பலில் வந்த பைன் மரம். குளிரில் மெதுவாக வளர்ந்தது, வளையங்கள் நெருக்கமாக இருக்கும், பிசின் அதிகம். வெட்டு முகத்தைப் பார்த்தால் புத்தகத்தின் ஓரம் மாதிரி கோடுகள் நெருங்கி நிற்கின்றன. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பைனில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே விரல் வைக்கலாம் என்று சொன்னால் மிகைதான், ஆனால் அந்த அளவுக்கு வித்தியாசம். பழைய மரத்தில் உளி வைத்தால் இன்னமும் பிசின் வாசனை வருகிறது. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, உடைந்தால் பழுது பார்க்க முடியாத பிளாஸ்டிக்கை வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பெயிண்ட் உரிப்பதற்கு முன்னால் ஈயம். இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் 1960கள் வரை வீட்டு பெயிண்டில் ஈயம் சகஜம், பொதுவான விற்பனைக்கு முழுத் தடை வந்தது 1992இல்தான். 1880களில் கட்டிய வீட்டின் ஜன்னலில் ஈயம் இருக்கிறதா என்று சோதிப்பதே ஒரு சம்பிரதாயம். நான் சோதனைக் குச்சியை வைத்துத் தேய்த்தேன், உடனே சிவந்தது. அப்போது மகளுக்கு இரண்டு வயது, எதைக் கண்டாலும் வாயில் வைக்கும் வயது, அந்த வயதுக் குழந்தைகளின் மூளைக்குத்தான் ஈயம் மோசமான எதிரி. மனைவியையும் மகளையும் குரோய்டனில் மைத்துனி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் கை வைத்தேன். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, தூள் வீடு முழுக்கப் பறக்கும். தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். கொளுத்தும் தீ அடுப்பு மாதிரி ப்ளோ லேம்ப் வைத்து உரிப்பதும் கூடாது, அந்தச் சூட்டில் ஈயம் புகையாகக் கிளம்பும். தூளை வடிகட்டும் எஃப்எஃப்பி3 முகமூடி, கீழே தடித்த பாலித்தீன், நுண்தூளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வைத்த வேக்குவம். வேலை முடித்த சட்டையைத் தனியாகத் துவைத்தேன்.

இனி பிரிக்கும் வேலை. எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இந்த ஜன்னல் பிரிப்பதற்கென்றே செய்யப்பட்டது. முதலில் கூரான கத்தியால் பெயிண்ட் தோலைக் கோடு போட்டு அறுக்க வேண்டும். பிறகு உள்பக்க பீடிங்கை நடுவில் நெம்ப வேண்டும், மூலையில் நெம்பினால் உடையும். நடுவில் நெம்பினால் வில் மாதிரி வளைந்து மூலையிலிருந்து தானே துள்ளிக்கொண்டு வெளியே வரும். கீழ்ச் சட்டம் கையோடு வந்துவிடும். இரண்டு சட்டத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய பீடிங் பள்ளத்தில் செருகியிருக்கும், அது அநேகமாக உடைந்துதான் வரும், மீட்டர் கணக்கில் புதிது கிடைக்கிறது, வருத்தப்பட வேண்டாம். அதை எடுத்தால் மேல் சட்டம். பிறகு பெட்டியின் அடியில் உற்றுப் பார்த்தால் மரத்தில் ஒரு மெல்லிய வெட்டுக்கோடு தெரியும். அது ஒரு சின்னக் கதவு. குண்டை வெளியே எடுப்பதற்காகவே தச்சர் விட்டுப்போன வழி. எத்தனையோ பூச்சுக்கு அடியில் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து, உளியை வைத்து மெதுவாகத் தட்டி, அந்தப் பலகைத்துண்டு அசைந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உள்ளே குண்டு இரண்டு, அறுந்த கயிற்றின் நுனி, செங்கல் பொடி, கைப்பிடி அளவு மரச்சுருள். இழைப்புளியில் சீவிய சுருள், அன்றைக்கு அங்கே நின்று வேலை செய்தவர் சீவியது. இன்னும் சுருண்டே இருந்தது.

கண்ணாடி விஷயத்தில் நான் செய்த தப்பை மறைக்கப் போவதில்லை. எங்கள் ஜன்னல்களில் ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டிரண்டு கண்ணாடி. பாதிக்கு மேல் பழைய கண்ணாடி. இன்றைய கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்வது, பில்கிங்டன் கம்பெனி 1959இல் அறிவித்த முறை, அதனால் தண்ணீர் போலச் சமமாக இருக்கும். அதற்கு முந்தைய கண்ணாடியில் லேசான அலை உண்டு. தலையை அசைத்தால் எதிர்வீட்டுக் கூரை நெளியும். அப்படி ஒரு கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்க அதைச் சுற்றிப் பூசி, கல்லாய் இறுகிப்போன மக்கை இளக்குவதற்கு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைப் பிடித்தேன். தச்சர் சொல்லித்தான் இருந்தார், கண்ணாடியை மறைத்துப் பிடி, இல்லாவிட்டால் அகச்சிவப்பு விளக்கு வாங்கு, அது மரத்தையும் மக்கையும் மெதுவாகச் சூடாக்கும், கண்ணாடிக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்று. ஒரு ஓரம்தானே பாக்கி என்று மறைக்காமல் பிடித்தேன். டிக் என்று ஒரே ஒரு சத்தம். மூலையிலிருந்து கிளம்பிய கீறல் கோணலாக நடுவரை வந்து, ஒரு கணம் நின்று, என் கண்முன்னே மறுமூலைவரை போனது. இரண்டு உலகப் போரையும், கிழக்கு லண்டனில் விழுந்த அத்தனை குண்டையும் தாங்கிய கண்ணாடி. அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாளே அகச்சிவப்பு விளக்கு வாங்கினேன், அது தனிக்கதை, அதன் விலையும் தனிக்கதை.

இந்த மக்கு என்பது சுண்ணாம்புக்கல் தூளும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தது, வேறு ரகசியம் எதுவும் இல்லை. சப்பாத்தி மாவு பதத்துக்குக் கையில் பிசைய வேண்டும், கைச்சூட்டில் இளகும். அதை வைக்கும் பள்ளத்தில் முன்கூட்டியே பிரைமரோ எண்ணெயோ தடவாவிட்டால் காய்ந்த மரம் மக்கின் எண்ணெயை உறிஞ்சிவிடும், ஒரு வருடத்தில் மக்கு பொரிந்து விழும். வைத்தபிறகு ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும், மேலே தோல் கட்டியபிறகுதான் பெயிண்ட். எனக்குப் பொறுக்கவில்லை, முதல் ஜன்னலில் நாலாம் நாளே அடித்தேன், சுருங்கிவிட்டது, மறுபடி செய்தேன். ஊரில் மக்கு என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டல்லவா, அது அந்த வாரம் எனக்குப் பொருந்தியது.

இதில் ஒரு சின்ன சந்தோஷம். மரத்தில் கணு இருக்கும் இடத்தில் பிசின் கசிந்து பெயிண்டில் மஞ்சளாகக் கறை வரும், அதை அடைக்க இங்கே ஒரு திரவம் தடவுவார்கள். புட்டியைத் திருப்பிப் பார்த்தால் நம் அரக்கு! மரக்கிளையில் பூச்சி கட்டும் அதே அரக்கைச் சாராயத்தில் கரைத்தது. அந்தக் காலத்தில் உலகத்துக்கே அரக்கு போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, இன்றைய ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் எடுத்துக் கல்கத்தாவில் கப்பல் ஏறியது. ஆளிவிதையும் கல்கத்தாவிலிருந்து ஏராளமாக வந்திருக்கிறது. பாண்டவர்களை எரிப்பதற்கு வீடு முழுக்க அரக்குப் பூசினார்கள், இங்கே கணுவுக்கு ஒரு பொட்டு.

பெயிண்ட் அடிப்பது என்று வந்தால், எங்கே அடிக்க வேண்டும் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். வெளிமுகம் முழுவதும், குறிப்பாக மழை தங்குகிற கீழ்க்கட்டையும் அடிப்பலகையும். கண்ணாடியில் மக்கு முடிகிற இடத்தில் பெயிண்ட் இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடிமேல் ஏறி நிற்க வேண்டும், அந்தக் கோடுதான் மழையைத் தடுக்கிறது. டேப் ஒட்டி நேர்த்தியாக அடிக்கிறேன் என்று டேப்பை மக்கின் ஓரத்திலேயே ஒட்டினால் அந்தக் கோடு போச்சு, அங்கேதான் தண்ணீர் இறங்கி மரம் அழுகத் தொடங்கும். சட்டத்தைக் கழற்றாமல் அடிப்பதென்றால் மேல் சட்டத்தைக் கீழே இறக்கி, கீழ்ச் சட்டத்தை மேலே ஏற்றி, இரண்டு சட்டமும் சந்திக்கும் இடத்தில் ஒளிந்திருக்கும் நடுக்கட்டையை முதலில் முடித்துவிட வேண்டும். கப்பி, கயிறு, சறுக்கும் பள்ளம், சட்டத்தின் பக்கவாட்டு ஓரம், இந்த நாலிலும் பிரஷ் படவே கூடாது. பள்ளத்தில் நான் மெழுகுவர்த்தியைத் தேய்த்ததோடு சரி. பெயிண்ட் வேலையில் அடிக்காத இடத்துக்கு இவ்வளவு கவனம் தேவைப்படும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

கயிறு கோர்ப்பதற்கு ஒரு தந்திரம். கப்பி வழியாக விறைத்த புதுக்கயிற்றை உள்ளே தள்ளினால் அது எங்கேயோ போய் மடங்கி நிற்கும். அதனால் மெல்லிய நூலின் நுனியில் ஒரு சின்ன ஈயத்துண்டைக் கட்டிக் கப்பிக்குள் விடுவார்கள், அது கடகடவென்று ஓடி அடிக்கதவில் தலைகாட்டும், நூலின் மறுமுனையில் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். தச்சர்கள் அந்த ஈயத்துண்டுக்கு வைத்திருக்கும் பெயர் மவுஸ், அதாவது எலி. கம்ப்யூட்டர் எலி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இந்த எலி ஜன்னல்களுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

எல்லாம் மாட்டி முடித்த முதல் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தை இறக்கிவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தால் ஓர் அங்குலம் திறந்திருந்தது. மூடினேன். மறுபடி தானாக மெதுவாக ஏறியது. மேல் சட்டமோ தானாக இறங்குகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு ஆளில்லாத அறையில் ஜன்னல் தானே திறந்தால் எப்படி இருக்கும்? மறுநாள் காலையில் தச்சர் வந்து பார்த்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். மேல் சட்டத்தின் குண்டுகள் சட்டத்தின் எடையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும், அது மேலேயே அழுந்தி நிற்பதற்காக. கீழ்ச் சட்டத்துக்குச் சற்றே குறைவு, அது கீழேயே உட்காருவதற்காக. நான் துருவைத் தேய்த்துக் கழுவ நாலு குண்டையும் ஒரே வாளியில் போட்டு, இடம் மாற்றி மாட்டியிருக்கிறேன். முதலில் பெயிண்ட் பிசுக்கு எல்லாத் தப்பையும் பிடித்து நிறுத்திவைத்திருந்தது, அது போனதும் சில நூறு கிராம் வித்தியாசம்கூட வெளியே தெரிந்துவிட்டது. இப்போது குண்டை எடுத்தவுடன் சாக்பீஸால் எழுதிவிடுகிறேன்.

குளிர் வராதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வந்தது. பழுது பார்த்தபிறகு பீடிங்கிலும் நடுக்கட்டையிலும் மெல்லிய பிரஷ் மாதிரி பட்டை பதித்தேன், அது காற்றை அடைக்கும், சட்டமும் சறுக்கும். கிளாஸ்கோ காலிடோனியன் பல்கலைக்கழகம் 2009 வாக்கில் பழைய சாஷ் ஜன்னல் ஒன்றை வைத்துச் சோதித்ததில், இப்படி அடைத்தால் ஜன்னல் வழியாக நுழையும் காற்று 86 சதவீதம் வரை குறைந்தது. இரவில் தடித்த திரைச்சீலை போட்டால் இன்னும் தேவலை. இரட்டைக் கண்ணாடி அளவுக்கு வராது, பொய் சொல்ல மாட்டேன், ஜனவரியில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து படிக்க நான் இன்னமும் ஸ்வெட்டர் போடுகிறேன்.

முன்பக்கம் மூன்று, மாடியில் மூன்று என்று ஆறு முடிந்தபோது வீட்டில் சண்டை வந்தது. "ஊரார் பார்க்குற ஜன்னலெல்லாம் வழுக்கிட்டுப் போகுது, நான் நிக்கிற ஜன்னல் மட்டும் அப்படியே இருக்கு" என்றாள் மனைவி. நியாயம்தானே? கடைசியாகத் தொட்டது சமையலறை ஜன்னலை. அதுதான் மரம் உப்பிய ஜன்னல். கீழ்க்கட்டையின் ஒரு முனை ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அழுகினதை நல்ல மரம் வரும்வரை சரிவாக வெட்டி எடுத்து, பழைய மர வியாபாரியிடம் வாங்கிய அதே வகைப் பைனில் துண்டு செய்து ஒட்டினேன். மேல் சட்டம் மட்டும் கத்தி போட்டு அறுத்தும் அசையவில்லை. இரண்டு நாள் போராடினேன். கடைசியில் ஒரு மூலையில் பெயிண்டைச் சுரண்டியபோது ஒரு ஸ்க்ரூவின் தலை தெரிந்தது, எதிர்மூலையில் இன்னொன்று. யாரோ ஒரு புண்ணியவான் மேல் சட்டத்தை நிலையோடு முடுக்கிவிட்டு அதன்மேல் மூன்று நிறத்தில் பெயிண்ட் அடித்திருக்கிறார்.

மேல் சட்டம் இறங்கினால்தான் இந்த ஜன்னலின் அருமை தெரியும். மேலே நாலு விரல், கீழே நாலு விரல் திறந்து வைத்தால் சூடும் புகையும் மேலே வெளியேறும், குளிர்ந்த காற்று கீழே நுழையும். மின்விசிறி வேண்டாம். போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டி முடித்தேன், அன்று மாலையே சாம்பார்ப் பொடிக்கு வரமிளகாய் வறுத்தாள். நான் துண்டோடு அலாரத்தின் கீழே போய் நின்றேன், பழக்கதோஷம். அலாரம் அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் தும்ம ஆரம்பித்தார்.